பங்காளியின் நெஞ்சுவலி

நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்துகிறவன். நோயாளி என்று ஒருவரைக் கடைசியாகத் தொட்டுப் பார்த்தபோது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருக்கிற எங்கள் கல்லூரியில் பேராசிரியர் இடம் ஒன்று காலியானது. போட்டிக்கு நானும் பக்கத்து அறைக்காரரும். அவரிடம் ஆய்வுக் கட்டுரைகள் இருந்தன. என்னிடம் நகைச்சுவை உணர்வு இருந்தது. தேர்வுக் குழு அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே நானும் ஓர் ஆய்வில் இறங்கினேன். நோயாளியிடம் விவரம் கேட்பதை மாணவர்களுக்கு எப்படிக் கற்றுத் தருவது? பாதிப் பேருக்கு நானே வகுப்பெடுத்தேன். மீதிப் பேரைத் தங்களுக்குள் மருத்துவராகவும் நோயாளியாகவும் நடித்துப் பழக விட்டேன். பிறகு ஒவ்வொருவராக ஒரே நடிப்பு நோயாளியிடம் அனுப்பி, யார் நன்றாகக் கேட்கிறார் என்று மதிப்பெண் போடுவது. வெளிநாடுகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற நடிகர்கள் உண்டாம். எனக்கு எதிர்வீட்டுக்காரர் இருந்தார்.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். வண்டிக்காரர் விலையைக் குறைத்துக் கேட்டால் போதும், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்முவார். கேட்டவரே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். அவரிடம் விளக்கினேன்: நடுநெஞ்சில் பாரம் வைத்தாற்போல் வலி, இடது கைக்குப் பரவும், வேர்க்கும். ஒருமுறை நடித்துக் காட்டுங்கள் என்றேன்.

"நடிப்பா? நமக்கேவாங் சார்? நாளைக்கு நேரா வந்து பண்ணிப்போடறனுங்க."

மறுநாள் கல்லூரி முதல்வர் அம்மையாரே வந்து பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஆய்வு ஒழுங்காக நடந்தால் என் பெயரைப் பரிந்துரைப்பதாக முன்பே சொல்லியிருந்தார். முதல் மாணவன் உள்ளே வந்து தொண்டையைச் செருமினான்.

"வணக்கங்க. உங்களுக்கு என்ன பண்ணுதுங்க?"

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லீங் தம்பி. கல்லுக்குண்டாட்டம் இருக்கறேன். எம்பட பங்காளிக்குத்தான் நெஞ்சுவலி."

மாணவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"பங்காளி வரலீங்களா?"

"அவன் எதுக்குங்க? அதான் நான் வந்துட்டனே."

அவன் போனதும் பட்டறைக்காரரை ஓரமாக அழைத்துப் போனேன். "ஏனுங்க, வலி உங்களுக்குன்னுதானே பேச்சு?"

"ஊட்டுல சொல்லிப்போட்டாங்க சார். இல்லாத நோவை எனக்குன்னு வாயில சொன்னா வந்து ஒட்டிக்குமாமா. வெள்ளிக்கெழம அதுவுமா! வேற யார் பேர்லயாச்சும் சொல்லுன்னாங்க."

"அதுக்குப் பங்காளியா?"

"வரப்புத் தகராறுங் சார். பேச்சுவார்த்தை இல்லை. ஒட்டுனாலும் பாதகமில்லீங்க."

அன்று காலை முழுக்க வலி பங்காளியிடமே இருந்தது. மாணவர்கள் பங்காளியின் வயதைக் கேட்டார்கள், பீடிப் பழக்கத்தைக் கேட்டார்கள். நான் சொல்லிக்கொடுக்காத சர்க்கரையையும் மூலத்தையும் பட்டறைக்காரர் தன் கையிலிருந்து போட்டுக் கொடுத்தார். பங்காளியை நினைத்து ஒவ்வொரு தடவையும் அழுதார். அப்படியொரு சந்தோஷமான அழுகையை நான் கண்டதில்லை. 'நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசினாரா?' என்பது நான் மதிப்பெண் போட வேண்டிய கேள்விகளில் ஒன்று. எந்த நோயாளியின் கண்ணை?

கடைசியாக மேட்டூர்ப் பெண் ஒருத்தி வந்தாள். பங்காளி கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்கய்யா, அவருக்கு எந்த எடத்துல வலின்னு தொட்டுக் காட்டுங்க" என்றாள்.

பட்டறைக்காரரின் கை தன் நெஞ்சுக்குப் போய்ப் பாதியில் நின்றது. அடுத்தவர் நோவைத் தன் உடம்பில் காட்டக் கூடாது என்பதும் வீட்டு உத்தரவு போலும். எழுந்து வந்து என் நெஞ்சில் விரலை ஊன்றினார்.

"இங்க சாமி. இங்கிருந்து இப்பிடி" என்று என் இடது கை நெடுக இழுத்தார். "அப்பறம் வேர்க்கும்."

எனக்கு ஏற்கெனவே வேர்த்திருந்தது. பேராசிரியர் நாற்காலி என் கண்ணெதிரே எழுந்து பக்கத்து அறைக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாள். நாடி பார்த்தாள். ஒப்புக்கு மேசைமேல் வைத்திருந்த பிரஷர் கருவியை எடுத்து என் கையில் சுற்றிக் காற்றடித்தாள். இறக்கினாள். மறுபடியும் அடித்தாள்.

"ரொம்ப ஜாஸ்தியா இருக்குங்க சார். மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"மாத்திரையா? எனக்கு ஒண்ணும் இல்லம்மா..."

பட்டறைக்காரர் ஆவலோடு குனிந்தார். "பங்காளிக்குங்களா சார்?"

முதல்வர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. உப்பு, தூக்கம், அப்பாவுக்கு இருந்ததா என்று ஒன்று விடாமல் கேட்டாள். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். முழு மதிப்பெண் போட்டேன். இந்த வெற்றியை எந்தக் கற்பித்தல் முறையின் கணக்கில் எழுதுவது? என் வகுப்பில் இருந்தாளா, நடித்துப் பழகிய கூட்டத்தில் இருந்தாளா என்று விசாரித்தேன்.

"ரெண்டுலயும் இல்லீங்க சார். அந்த வாரம் பூரா காய்ச்சல். வீட்ல படுத்திருந்தேன்."

முதல்வர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

அடுத்த மாதம் பதவி உயர்வு வந்தது. எனக்கு இல்லை, பக்கத்து அறைக்காரருக்கு. எனக்கு வந்தது தினமும் காலையில் ஒரு மாத்திரை. அதை விழுங்கிக்கொண்டே ஒருநாள் வாசலில் நின்று, பங்காளி எப்படி இருக்கிறார் என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"கல்லுக்குண்டாட்டம் இருக்கறானுங் சார்" என்றார். குரலில் ஏமாற்றம். இந்தத் தடவை நடிப்பில்லை.