மேபலின் மொட்டைத்தலை

மேபலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏசு இல்லை, அம்மாதான். நாலு வயதில் போலீஸ்காரர் அவளை வண்டியில் ஏற்றி, பழங்குடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்க்கிற இந்த அரசாங்கக் குடியிருப்பின் விடுதியில் கொண்டுவந்து விட்டார். தாய்க்காரி க்ளாரா பின்னாலேயே நடந்து வந்து ஆற்றங்கரை முகாமில் தங்கிவிட்டாள். நடுவில் கம்பிவேலி. இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது சர்ச்சில் மட்டும்தான்.

அங்கேயும் பிள்ளைகளுக்கு முன்பெஞ்சு, முகாம்காரர்களுக்குப் பின்பெஞ்சு. திரும்பிப் பார்க்கக் கூடாது. தங்கள் பாஷையில் வாய் திறக்கக் கூடாது. எந்தக் கழுத்து அசைகிறது என்று விடுதியை நடத்துகிற வெள்ளைக்காரி மேட்ரன் பக்கவாட்டில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். கதவு திறந்ததும் பின்னாலிருந்து அடுப்புப் புகை வாசனை வரும். அதில் அம்மாவின் புகை எது என்று தேடிக்கொண்டே மேபல் பதினோரு வயதுவரை வளர்ந்தாள்.

அந்த வருஷம், முகாமில் பிறந்து பிறகு விடுதிக்குப் பிடித்துவரப்பட்ட ஐந்து வயதுத் தங்கை டாட்டி, அம்மை போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முகாமுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. டாட்டியின் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து அம்மா பயந்துவிடுவாளே என்று ஞாயிற்றுக்கிழமை மேபல் திரும்பினாள். உதடு அசைவதற்குள் மேட்ரனின் கை பிடரியில் விழுந்தது.

மறுநாள், திரும்பினதற்குத் தண்டனையாக, மேட்ரன் அவள் தலையை ஒட்ட வழித்துவிட்டாள்.

"ரோமம் கத்தரிச்ச ஆட்டுக்குட்டி மாதிரியே இருக்கடி. எங்க, ஒரு தடவ மேன்னு கத்து?" என்றாள் பக்கத்துக் கட்டில் ஐரிஸ்.

"நீ கத்து. என் பேனெல்லாம் ஒன் தலைக்குத்தான் குடிபோயிருக்கு."

அடுத்த ஞாயிறு. மேபலுக்குப் பக்கத்தில் டாட்டியின் இடம் காலியாகவே இருந்தது. பாதிரியார் பிரசங்கத்தைத் தொடங்கினார். பின்னால் ஒருத்தி ஓலமிட்டாள். அதைத் தொட்டு இன்னொருத்தி, பிறகு பெஞ்சு முழுக்க. தன் பேச்சுதான் இவர்களை இப்படி உருக்கிவிட்டது என்று நினைத்து, பாவம், அவர் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

முதலில் எழுந்த ஓலத்தை மேபல் அடையாளம் கண்டாள். அது அம்மாவின் குரல். அவர்கள் ஜனத்தில் சாவு விழுந்தால்தான் ரத்த சொந்தம் தலைமுடியை வெட்டிக்கொள்ளும். மகளின் மொட்டைத்தலை, காலி இடம், போன வாரம் திரும்பிய அந்தப் பதறின முகம். க்ளாரா இவற்றை வைத்துச் சின்னவள் போய்விட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டாள். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. செத்தவர் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை.

மேபல் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். தங்கள் பாஷையில், தொண்டை கிழியக் கத்தினாள்.

"அழாதம்மா! டாட்டி இருக்கா! டாட்டிக்கு அம்மதான் போட்டிருக்கு! என் முடிய இந்த மேட்ரன்தாம்மா வெட்டினா!"

டாட்டி என்ற பெயர் காதில் விழுந்ததுமே ஓலம் சட்டென்று நின்றது. க்ளாரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தாள். மேபலும் பார்த்தாள், மேட்ரன் காலைப் பிடித்து இழுக்கிறவரை.

"இனிமே ஒனக்கு சர்ச்சே கிடையாது," என்றாள் மேட்ரன்.

ஐரிஸுக்குப் பொறாமை. "ஒனக்கென்னடி, யோகக்காரி! முட்டி போட வேண்டாம், அந்த ஆளோட பேச்சக் கேக்க வேண்டாம். எனக்கும் மொட்ட அடிக்கச் சொல்லேன்."

பதினாலு வயதில் ஆட்டுப்பண்ணைக்கு வேலைக்கு அனுப்புகிறவரை, ஞாயிறு தவறாமல் மேபலைச் சமையல்கட்டில் வைத்துப் பூட்டினார்கள். ஒரு வாளி உருளைக்கிழங்கு, ஒரு கத்தி. பாட்டுச் சத்தம் மட்டும் அங்கே வரும். நூறு குரல் சேர்ந்து வந்தால் யாருடைய குரலை என்று பிரிப்பது?

டாட்டி உடம்பு தேறி விடுதிக்கு வந்தாள். முதல் ஞாயிறு சர்ச் விட்டு வந்ததும் மேபல் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"அம்மா வந்தாங்களா? மெலிஞ்சிட்டாங்களா? என்ன துணி உடுத்தியிருந்தாங்க?"

"தெரியாதுக்கா."

"பாத்தியா இல்லையாடி?"

"பாக்கல." டாட்டி தன் சுருட்டை முடியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "திரும்பினா வெட்டிடுவாங்க."