எனக்குத் தெரிஞ்ச தெலுங்கு

எனக்குத் தெலுங்கு தெரியும்னு ஃபேக்டரியில எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். தெரிஞ்சது ஒரே வார்த்தைதான், திருமலையில கத்துக்கினது. செப்புலுன்னா செருப்பு.

இன்னிக்கி, பத்தாவது முடிச்ச என் பொண்ணுக்கு ஆந்திராவுல, நம்ம ப்ளஸ் டூ மாதிரி இருக்குற இன்டர் காலேஜ்ல சீட்டு கேட்டுப் போனோம். நர்சுக்குப் படிக்கணும்னு ஆசைப்படறா. அதுக்கு பயாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இருக்குற பைபிசி குரூப்பு வேணும். அதுல கடைசி சீட்டு ஒண்ணுதான் மீதி.

பிரின்சிபால் மேடம் என்னைப் பாத்து, "செப்பண்டி"ன்னாங்க.

நான் மரியாதை தெரிஞ்சவ. வெளிய போய் செருப்பைக் கழட்டி வுட்டுட்டு வந்தேன்.

திரும்பவும், "செப்பண்டி அம்மா."

"வுட்டுட்டேன் மேடம்."

பொண்ணு தலையில அடிச்சிக்கினா. "எம்மா, 'சொல்லுங்க'ன்றாங்க! நீ கம்முனு இரு."

அப்புறம் அவளே தெலுங்குல பேசி சீட்டை வாங்கிட்டா.

வெளிய வந்து பாத்தா செருப்பைக் காணோம்.

யாருனா பாத்திருந்தா செப்பண்டி.