உறைப்பில்லாத பைற்ஸ் கேட்டு வருத்தக்காரன் ஆனேன்

போன ஆடியில், 2003 இல், நான் ஊர்காவற்றுறைக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. பாரிசில் என்னோடு ஒரே உணவகத்தில் வேலை செய்யும் ஜெசிந்தாவைக் கலியாணம் கட்டச் சம்மதம் கேட்கப் போனேன். "ஆளை நேரில பாராமல் ஓம் சொல்ல ஏலாது," என்று அவளுடைய அப்பா தொலைபேசியில் சொல்லியிருந்தார். வெறுங்கையோடு போகலாமா? மெல்லிய வெள்ளை வைன் ஒரு போத்தலையும், அதற்குத் தோதான சீஸ் கட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து காலை 8.10க்கு பஸ். ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், இருபது ரூபா, சோதனைச் சாவடியில் இறங்கி ஏறியதோடு ஒன்றேகால் மணித்தியாலம். பண்ணைப் பாலம் தாண்டுமுன்பே சீஸ் உருகத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி, கருவாடெண்டால் பொலித்தீன் பையில வடிவாக் கட்டிக்கொண்டு வரோணும்," என்றார். பையைக் காலடிக்குத் தள்ளினேன். இறங்கியதும் சீஸைக் காகங்களிடம் ஒப்படைத்தேன். அவையும் யோசித்துத்தான் தின்றன.

ஜெசிந்தாவின் அப்பா சவிரிமுத்து ஐயா கடற்றொழில் செய்பவர். போத்தலை வாங்கி மீன் ஐஸ் பெட்டிக்குள் புதைத்தார். நாற்பது நிமிடத்தில் எங்கள் உணவகத்தில்கூடக் கிடைக்காத பதத்தில் குளிர்ந்துவிட்டது. லேபலில் மட்டும் சூடை மீன் வாசம்.

குடியோடு கடிக்கிற பைற்ஸுக்கு நான் பஸ் நிலையத்தில் வாங்கிய உறைப்பு மிக்சரைக் கொறித்து, ஐயா ஒரு மிடறு குடித்தார். "தண்ணி மாதிரிக் கிடக்கு."

எனக்குள் இருந்த உணவகக்காரன் விழித்துக்கொண்டான். "உறைப்பு இதின்ர வாசத்தைக் கொண்டுபோடும் ஐயா. தூள் இல்லாமல், எண்ணெய் இல்லாமல், உப்புக் குறைவா ஏதும் வேணும்."

குசினியிலிருந்து நண்டுப் பிரட்டலோடு வந்த றீற்றா அம்மா, ஜெசிந்தாவின் தாயார், வாசலிலேயே நின்றுவிட்டார். வளர்ந்த ஆம்பிளை ஒருவன் அப்படிச் சாப்பாடு கேட்க அந்த வீட்டில் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"தம்பி, உமக்கு என்ன வருத்தம்?"

"ஒண்டுமில்லை அம்மா."

"அல்சரோ? பிறசரோ? மறைக்காதையும். நாங்கள் பெட்டையைத் தரப்போற ஆக்கள்."

ஐயா கிளாஸைக் கீழே வைத்தார். என் கலியாணமும் அதோடு கீழே போனதாகவே எனக்குப் பட்டது. றீற்றா அம்மா உள்ளே போய் ஒரு கோப்பை கொண்டுவந்தார். "மூத்தவள் பிள்ளை பெத்து மூண்டு கிழமை. அவளுக்கெண்டு செய்த பால்சுறா வறை. உமக்கு இதுதான் சரி."

அவித்து உதிர்த்த சுறாவில் தேங்காய்ப்பூ, உள்ளி, கொஞ்சம் மிளகு. ஒரு வாய் வைத்து வைனைக் குடித்தேன். பதினொரு வருட அனுபவத்தில் இப்படி ஒரு பொருத்தத்தைக் கண்டதில்லை. ஆனால் ரசித்தால் நான் வருத்தக்காரன்! கோப்பையைத் தள்ளிவிட்டு நண்டில் பாய்ந்தேன். மூன்றாவது காலோடு கண்ணால் தண்ணீர் ஓடியது.

"ஏன் அழுறீர்?" என்றார் ஐயா.

உறைப்பால் என்று சொன்னால் அல்சர் உறுதியாகிவிடும். வேறு பொய் வாயில் வரவில்லை. "பயமாக் கிடக்கு ஐயா. ஜெசிந்தாவைத் தரமாட்டியளோ எண்டு."

அவர் நண்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். வறையை நடுவில் வைத்து இரண்டு கிளாஸையும் நிரப்பினார். "வந்து ஒரு மணித்தியாலமா இந்தப் போத்தலைப் பற்றித்தான் கதைச்சனீர். இப்பதான் அவளின்ர பேரைச் சொல்லுறீர். சாப்பிடும். குடுக்கிறம்."

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் பின்னேரம் 4.30க்கு, முன்கூட்டியே போய் நில்லுங்கள். மெல்லிய வெள்ளை வைனுக்குச் சுறா வறை முதலிடம். தேசிக்காய் பிழிந்த அவித்த இறால் அடுத்தது. மிக்சர் வேண்டாம். சம்மதம் கேட்க வந்தவர்கள் அதை முதலில் கேளுங்கள், போத்தலைப் பிறகு திறக்கலாம்.

கலியாணம் தையில். பந்திக்கு நல்ல உறைப்பாகச் சமையலாம். எனக்கு மட்டும் றீற்றா மாமி தூளில்லாமல் தனிச் சட்டி வைக்கிறாராம்.