பாதிக் கவிதைக்குப் பொன்னாடை

கவிதை முடியுமுன்னே பொன்னாடை வாங்கியவள் இந்த ஊரிலேயே சந்திரமதி ஒருத்தியாகத்தான் இருப்பாள். சிரிக்காதீர்கள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் வீடு. பாலிகிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. பொங்கல் வந்தால் பொங்கலைப் பற்றி, தேசிய தினம் வந்தால் தேசத்தைப் பற்றி, எதுகை மோனையோடு கவியரங்கத்தில் படித்துவிட்டு வருவாள். அவள் புருஷன் அண்ணாதுரை கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். அவரிடம் வந்தவர்கள் லைசென்ஸ் எடுத்தார்களோ இல்லையோ, காது கிழியத் திட்டு வாங்கியிருப்பார்கள். அப்படி ஒரு வாய் ஓயாத மனுஷன்.

அந்த மனுஷனுக்கு ஸ்ட்ரோக் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சுதான் சண்டித்தனம் பண்ணியது. "வார்த்தை எல்லாம் உள்ளதான் இருக்கு. வெளிய வர நேரமாகும். அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்.

அவசரப்படுத்தாமல் இருக்க இந்த ஊரில் யாருக்கு நேரம் இருக்கிறது? கோப்பிக்கடையில் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அவர் வாயைத் திறப்பார். வரிசையில் பின்னால் நிற்கிறவர், "அங்கிள், கோப்பி ஓவா?" என்பார். இவரும் தலையாட்டிவிடுவார். தே ஹலியா என்கிற இஞ்சி டீ குடிக்கப் போன மனுஷன் மாசக்கணக்கில் பால் இல்லாத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கோப்பிக்கடைக்கே போவதில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

சந்திரமதிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் எழுதியதுதான் இந்தக் கவிதை. கேள்வி அவளுடையது, பதில் அவருடையது. "பசிக்குதா?" என்று கேட்பாள். அவருக்கு ஒரு வார்த்தை வர எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம் மைக் முன்னால் சும்மா நிற்பாள். பிறகு அவர் பதிலை அவளே சொல்வாள். எதுகையாவது மோனையாவது! கூட்டம் அவளோடு சேர்ந்து காத்திருக்க வேண்டும், கவிதையே அதுதான். ஒரே ஒரு தடவையாவது ஓர் அறை நிறைய மனுஷர்கள் என் புருஷன் பேசுவதற்காகக் காத்திருக்கட்டும் என்று நினைத்தாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

முதலில் படித்தது வழக்கமான கவியரங்கத்தில். தொகுத்து வழங்கியவர் மருதப்பன். தங்கமான மனுஷர்தான், ஆனால் மைக் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும், அவருக்கு வேர்த்துக் கொட்டிவிடும். அந்த அரங்கத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கூட்டம் "ஆஹா" போடும். அங்கே போய் இவள் "பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு நின்றாள்.

"மைக் போச்சுலா" என்றது ஒரு குரல். "வரி மறந்துடுச்சு போல, பாவம்" என்றது இன்னொன்று. மருதப்பன் மேடைக்குப் பாய்ந்தே வந்துவிட்டார். "கவிஞர் சந்திரமதி அவர்கள் உணர்ச்சிப் பெருக்கில் பேச இயலாமல் நிற்கிறார்கள்! பலத்த கரவொலி எழுப்புங்கள்!" என்று முழங்கி, கையிலிருந்த பொன்னாடையை அவள் தோளில் போர்த்தினார். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த கவிஞரைக் கூப்பிட்டாயிற்று.

முன்வரிசையில் அண்ணாதுரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் திக்கித் திணறி, "என்... என்னாலதான்" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களால ஒண்ணும் இல்லைங்க. இதை முழுசாப் படிக்காம நான் விடப் போறதில்ல, பாத்துக்கிட்டே இருங்க" என்றாள்.

லிட்டில் இந்தியாவில், சையத் ஆல்வி ரோட்டில் ஒரு கடை வீட்டு மாடி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே இளசுகள் கூடிப் புதுமாதிரிக் கவிதை வாசிப்பார்கள். நடத்துவது திவ்யதர்ஷினி என்ற பெண். சந்திரமதி ஒருநாள் போய்ப் பார்த்தாள். ஒருத்தன் துணி துவைக்கும் மெஷினின் விளக்கக் குறிப்பைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தான். இன்னொருத்தி தன் கவிதையைக் கிழித்துக் கிழித்தே வாசித்தாள். என்னடா இது கூத்து என்று இவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் யாரையும் யாரும் நிறுத்தவில்லை. அது போதும் என்று தன் கவிதை இப்படி என்று திவ்யதர்ஷினியிடம் சொன்னாள்.

"ஆன்ட்டி, ஐடியா செம! ஆனா அந்த சைலன்ஸ்ல லைட்டா ஒரு மியூசிக் போட்டுக்கலாமா? ஆடியன்ஸுக்குப் போர் அடிக்கும்லா" என்றாள் திவ்யதர்ஷினி.

அட ராமா! அங்கே பொன்னாடை என்றால் இங்கே மியூசிக்கா!

"அடிக்கட்டும்மா. எங்க வீட்டுக்காரர் பேச வாயெடுக்கும்போது யாரும் மியூசிக் போடுறதில்ல" என்றாள் சந்திரமதி.

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரி ஆன்ட்டி. எதுவும் போடல. அடுத்த மாசம் நீங்க படிங்க" என்றாள்.

அன்றைக்கே சந்திரமதி மருதப்பனுக்கு போன் போட்டாள். "அண்ணே, அன்னைக்கு நான் வரியை மறக்கல. நான் சும்மா நின்னதும் கவிதைதான். நீங்க பாதியில போர்த்திட்டீங்க. மீதியைக் கேக்க வாங்க." மறுமுனையில் முழக்கமெல்லாம் இல்லை. "வர்றேம்மா" என்று மட்டும் சொன்னார் மருதப்பன்.

அண்ணாதுரையைக் கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். "நீங்க வரலைன்னா நான் யாருக்குங்க படிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். கெஞ்சவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவரே போட்டுக்கொண்டு வந்தார்.

சின்ன அறை. மடக்கு நாற்காலிகள். கீழே காய்கறி லாரி பின்னால் வரும் சத்தம். மருதப்பன் சொன்னபடி வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார், பாய்ந்துவிடக்கூடாது என்று கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு.

"பசிக்குதா?" என்றாள்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ இருமினார்கள். திவ்யதர்ஷினி நகத்தைக் கடித்தாள். சந்திரமதி அசையவில்லை. உரிய நேரம் நின்றுவிட்டு, "ம். பசிக்குது" என்று அவர் பதிலைச் சொன்னாள்.

"வலிக்குதா?" மறுபடி நின்றாள். "இல்ல."

மூன்றாவது கேள்வியில் இருமல் நின்றது. நாலாவதில் யாரும் போனைப் பார்க்கவில்லை. மருதப்பனின் உதடு ஒரு தடவை அசைந்தது, அவரே கையால் பொத்திக்கொண்டார். அந்த அறை காத்திருந்தது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. 

கடைசிக் கேள்வி. அதற்குத்தான் இருப்பதிலேயே நீளமான மௌனம்.

"வீட்டுக்குப் போகலாமா?"

அவள் எழுதி வைத்திருந்த பதில் 'போகலாம்'. அதற்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போதுதான் அண்ணாதுரையைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைக்க, வாய் கோண, எதையோ உள்ளிருந்து இழுத்துக்கொண்டிருந்தார் மனுஷன். எல்லாரும் இப்போது அவரைத்தான் பார்த்தார்கள். ஐயோ, இத்தனை பேர் முன்னால் திண்டாடுகிறாரே! அவளுக்கு மனசு கேட்கவில்லை. நேரம் வருமுன்னே 'போகலாம்' என்று சொல்லி முடித்துவிட வாயைத் திறந்தாள்.

அண்ணாதுரை கையைத் தூக்கி அவளைத் தடுத்தார்.

"இரு."

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அறை நிறைய மனுஷர்களோடு அவளும் ஒருத்தியாக நின்று காத்திருந்தாள்.

"இன்னும்..." என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "கொஞ்ச நேரம்... இருந்துட்டுப் போகலாம்."

"சரிங்க" என்றாள் சந்திரமதி. மைக்கை விட்டுவிட்டு, அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.