கம்ப்ரஸர் பக்கத்து மேசை

ஓடுகிற மோட்டாரின் முதுகில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுகிறார் டெஸ்டிங் அண்ணன். மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். பிறகு சாக்பீஸ். டிக் போட்டால் மோட்டார் பேக்கிங்குக்குப் போகும். பெருக்கல் குறி போட்டால் உள்ளே பேரிங் சரியில்லை, கழற்றி மாட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இந்த ஷெட்டில் அவர் காது சொன்னதுதான் தீர்ப்பு. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால், "நல்ல பேரிங் சும்மா மூச்சு விடும். கெட்டது மண்ணு மெல்லும். அவ்வளவுதாம்ப்பா" என்பார்.

முன்பெல்லாம் பத்து எண்ணுவதற்குள் கண் திறந்துவிடும். இப்போது நாற்பது ஆகிறது. ஆறு மாதத்துக்கு முன், வெளியே கிடந்த கம்ப்ரஸர் மழையில் நனைகிறதென்று உள்ளே கொண்டுவந்து, அவர் மேசைக்கு நாலடி தள்ளி வைத்தார்கள். நனைந்தது மனிதனாக இருந்தால் யாரும் இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள். ஒரே சீராக இரைந்தாலாவது பழகித் தொலையலாம். அது கொஞ்ச நேரம் இரையும், டப்பென்று நிற்கும், அப்பாடா என்று இவர் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்குள் மறுபடி ஆரம்பிக்கும்.

"வேணும்னே பண்ணுது. என்னையே பாத்துக்கிட்டிருக்கு அது" என்கிறார். பாதி வேடிக்கை, பாதி நிஜம்.

மத்தியானம் அரை மணி நேரம் அதற்கும் ஓய்வு. சந்தேகப்பட்ட மோட்டார்களைக் காலையிலிருந்தே ஓரமாக ஒதுக்கிவைத்து, மற்றவர்கள் சாப்பிடப் போனதும் ஒவ்வொன்றாக ஓட்டிக் கேட்பார். அந்த அரை மணியில் பாதி, காது தெளிவதற்கே போய்விடும். சாப்பாடு அதன்பிறகு, இரைச்சலுக்கு நடுவில், நின்றபடியே.

"உக்காந்தாவது சாப்பிடுங்கண்ணே" என்று கத்துவார் எதிர் மேசையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றும் அக்கா.

"உக்காந்தா தூங்கிருவேம்மா."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபேனை நிறுத்துகிறார். பாத்திரம் உருண்டால் எரிந்து விழுகிறார். மகள் செல்போனில் சிரித்தால் அதுவும் குற்றம். அதே மகள் பக்கத்து அறையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் திரும்புவதில்லை. "முணுமுணுன்னு பேசினா எப்படிக் கேக்கும்?"

"சத்தம் போட்டாலும் தப்பு, மெதுவாப் பேசினாலும் தப்பு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, அப்படியே இருந்துக்கறோம்" என்கிறார் மனைவி. அந்த அம்மாளும் களைத்துத்தான் போயிருக்கிறார்.

போன மாதம் அண்ணன் டிக் போட்ட ஆறு மோட்டார்கள் கொரகொரவென்று திரும்பி வந்தன. மேனேஜர் வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். அதுதான் கூடுதல் வேதனை.

"காது டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்கண்ணே. சரியில்லன்னா பேக்கிங்ல இருந்துக்கலாம்."

பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது. அண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. "காதுக்கு ஒண்ணும் இல்ல சார். இந்தச் சனியனை வெளிய தள்ளுங்க, அப்புறம் பாருங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அண்ணனுக்கு அது கேட்கவில்லை.

டெஸ்டுக்கு அவர் போகவே இல்லை. இன்றைக்கு லீவு இல்லை, நாளைக்கு டாக்டர் இல்லை என்று ஏதாவது சொல்வார். உண்மை என்னவென்றால் பயம். கம்ப்ரஸர் பக்கத்தில் இருக்கும்வரை குற்றம் கம்ப்ரஸருடையது. அதைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். காதில்தான் கோளாறு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு யாரைத் திட்டுவது?

போன செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு கம்ப்ரஸரின் பெல்ட் அறுந்தது. ஷெட்டே திடுக்கிட்டது போல அடங்கியது. மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றினார். மேனேஜர் இதுதான் சமயம் என்று, திரும்பி வந்த மோட்டார் ஒன்றையும் நல்ல மோட்டார் நான்கையும் மேசையில் வரிசையாக வைக்கச் சொன்னார்.

"இப்ப சத்தமே இல்லண்ணே. கெட்டது எதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா இந்தக் கம்ப்ரஸரை வெளிய தள்ள முதலாளிகிட்ட நானே பேசறேன்." நல்ல மனதோடுதான் சொன்னார்.

காயில் சுற்றும் அக்கா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அண்ணன் முதல் மோட்டாரை ஓட்டி, கேட்டு, நிறுத்தினார். இரண்டாவது. மூன்றாவது. ஐந்தும் முடிந்து மறுபடி முதலாவதற்கு வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சாக்பீஸை எடுத்தார், வைத்தார். மூன்றாவதை மட்டும் ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் காதில் இன்னும் அழுத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியிருக்கும்.

மூடிய கண்ணைத் திறக்காமலே இடது கையைக் கம்ப்ரஸர் பக்கம் நீட்டி அசைத்தார். "அதுக்குள்ள பெல்ட்டை மாட்டி ஓட்டிட்டீங்களா? ஒரு நிமிஷம் அதை நிறுத்துங்கப்பா, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

அறுந்த பெல்ட்டைக் கையில் பிடித்தபடி மெக்கானிக் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லி நீட்டிய கையை அண்ணன் இன்னும் இறக்கவில்லை.