எரிமலைக்கு எடுத்த கஞ்சி

என் சின்னம்மா, ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலத்தில், அவர்களை எதிர்த்துக் காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு கொண்டு சென்றவர் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு செய்தி உலவுகிறது. இளையோர் சிலர் அதைப் பெருமையாகச் சொல்கின்றனர். மூத்தோர் சிலர் குரலைத் தாழ்த்திச் சொல்கின்றனர். அண்மையில் ஒரு திருமண வீட்டில் இரு சாராரும் என் எதிரிலேயே வழக்காடினர். அச்செய்தியே பொய் என்று அறிந்தவர்களுள் நான் ஒருத்தியே எஞ்சியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் வாய் திறவாதிருந்ததற்கு நாணுகிறேன். இனியும் தள்ளிப்போட உடல் இடந்தராது என்பதால் இதனை எழுதிவைக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் குடியிருந்தோம். எங்கள் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முட்கம்பி வேலி. வேலிக்கு ஒரே வாயில். அரிசி பங்கீட்டில்தான் கிடைக்கும். சமைத்ததாயினும் சமைக்காததாயினும் ஒரு கவளமும் வாயிலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது காட்டிற்குப் போவதாகவே கொள்வர். தந்தை இல்லாத எங்கள் வீட்டில் அம்மாவும் அவர் தங்கையான சின்னம்மாவும் பால்மரம் வெட்டி, வடியும் ரப்பர்ப் பாலைச் சேர்த்துப் பிழைத்தனர். பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே இருந்தது. அதனை ஒட்டிய மரங்களே சின்னம்மாவுக்குரிய நிரை.

அவ்வாண்டு ஆசிரியர் எரிமலைப் பாடம் நடத்தினார். நூலில் இரு படங்கள் இருந்தன. ஒன்று, கவிழ்த்த தட்டைப்போல் அகன்று தாழ்ந்த மலை. மற்றொன்று, குவித்த நெல்லைப்போல் எழுந்த மலை. இரண்டும் தீயைக் கக்குபவை எனில் வடிவம் ஏன் வேறுபட வேண்டும் என்று கேட்டேன். நீர்த்த தீக்குழம்பு நெடுந்தொலைவு ஓடிப் பரவி உறைவதால் மலை அகலும். கெட்டியான குழம்பு மலைவாயின் அருகிலேயே தேங்கி உறைவதால் மலை உயரும் என்று விளக்கினார். அத்தோடு விட்டிருக்கலாம்.

“மலையக் கொழம்பு கட்டுது. கட்டி முடிச்ச மலை அடுத்த கொழம்புக்கு வழி சொல்லுது. அது எப்படின்னு யோசிச்சிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்.

லயத்தின் பின்புறம் களிமண்ணால் இரு சிறு மேடுகள் அமைத்தேன். என் பங்குக் கஞ்சியைக் குடிக்காமல், தெளிவை ஒரு மேட்டிலும் கெட்டியை மற்றொன்றிலும் ஊற்றினேன். தெளிவு வழிந்தோடிப் பரவியது. கெட்டி சிறிது இறங்கி, ஆறி, ஆடை கட்டி நின்றுவிட்டது. மறுநாளும் ஊற்றினேன். தாழ்ந்த மேட்டில் புதுக்கஞ்சி எல்லாப் பக்கமும் மெல்லப் பரவிற்று. உயர்ந்த மேட்டிலோ, முந்தைய நாள் கஞ்சி விட்டுச்சென்ற ஒரு பள்ளத்தையே பற்றிக்கொண்டு, மற்றப் பக்கங்களைத் தொடாமல், ஒரே கோடாய் இறங்கிற்று. மூன்றாம் நாளும் அதே கோடுதான். மலையைக் கட்டியதே மலைக்கு அடங்கி நடப்பதைக் கண்டு நான் அடைந்த களிப்பை இன்றும் என்னால் மறுக்க இயலவில்லை.

அதை வகுப்பில் காட்ட விரும்பினேன். கஞ்சி வேலியைத் தாண்டலாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மலை கட்டும் கஞ்சியை எவரும் உண்ணப்போவதில்லை. உண்ணாதது உணவாகாது என்று எனக்குள் தீர்ப்பெழுதிக்கொண்டேன். நான் பலப்பம் போட்டுவைக்கும் தகர டப்பாவில் கஞ்சியை ஊற்றி மூடினேன். துணிப்பையில் கவிழ்ந்துவிடும் என்று, சின்னம்மாவின் பால்வாளிக்குள் துணிக்கு அடியில் வைத்தேன். பள்ளியருகே வாங்கிக்கொள்ளலாம் என்பது எண்ணம். அவரிடம் சொல்லவில்லை. தீர்ப்பு அத்துணை உறுதியாயின் ஏன் சொல்லவில்லை என்பதற்கு விடை அன்றும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

காலையில் ஊரடங்கு நீங்கி வாயில் திறந்தது. பெண்களைச் சோதிக்கும் அம்மையார் வாளியைக் கவிழ்த்தார். டப்பா உருண்டது. காவலர் ஒருவர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“கஞ்சியா லா? யாருக்கு விருந்து, காட்டு மாப்பிள்ளைக்கா?”

வரிசையில் சிலர் சிரித்தனர். சின்னம்மா டப்பாவைப் பார்த்தார். பிறகு பள்ளிப் பிள்ளைகளின் வரிசையில் நின்ற என்னைப் பார்த்தார். மிகச் சிறிய பார்வை.

“எனக்குத்தாங்க. பசி தாங்காது, அதான் எடுத்தாந்தேன்.”

வேலை வாங்கும் மண்டோர் அவரை நெருங்கி, “யாரு குடுக்கச் சொன்னான்னு சொல்லிரு. இல்லேன்னா கப்பல்ல ஏத்தி நாடு கடத்திருவானுங்க” என்றார்.

“யாரும் சொல்லலைங்க மண்டோரே. என் வயிறுதான் சொல்லிச்சு.”

நான் மற்றப் பிள்ளைகளோடு வாயிலைக் கடந்தேன். அவரை ஏற்றிய லோரி கோலசிலாங்கூர்ச் சாலையில் மறைந்தது. அன்று வகுப்பில் கஞ்சிக்குப் பதிலாகச் சேற்றைக் குழைத்து ஊற்றிக் காட்டினேன். ஆசிரியர் மெச்சினார்.

தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதிக்கொடுத்த நற்சான்றை வைத்துக்கொண்டு அம்மா காவல் நிலையத்திற்குப் பலமுறை நடந்தார். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துச் சின்னம்மா மெலிந்து திரும்பினார். டப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான்தான் பொறுக்கமாட்டாமல், ஆசிரியர் பாராட்டியதைச் சொன்னேன்.

“நல்லா படி புள்ள” என்றவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பயணக் களைப்பு என்று எண்ணினேன்.

அதன்பின் நாள்தோறும் வாயிலில் முதலில் அழைக்கப்பட்டவர் அவரே. வாளி, தலைத்துணி, மடி என எல்லாவற்றையும் உதறிக் காட்டவேண்டும். காவலர்கள் மாறினர், புதிதாய் வந்தவரும் முதல் நாளே அவர் பெயரை அறிந்திருந்தார். நாளடைவில் அவர் தாமாகவே வரிசையிலிருந்து விலகி, வாளியைக் கவிழ்த்துப் பிடித்தபடி நிற்பார். வேலி அகற்றப்படும்வரை இது நீடித்தது. மற்றவரையெல்லாம் ‘ஏய்’ என்று விளித்த காவலர்கள் என் சின்னம்மாவை மட்டும் பெயர் சொல்லி அழைத்தது எனக்குப் பெரும் பெருமையாக இருந்தது. தோழியரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

முதுமையின் நினைவு இது. பங்கீட்டு முறையிலோ, தீக்குழம்பின் இயல்பைக் கூறியதிலோ, அன்று பேசப்பட்ட சொற்களிலோ பிழை இருப்பின், அறிந்தோர் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன். சின்னம்மாவின் பெயரை மட்டும் எவரும் இதில் சேர்க்க வேண்டா. அந்த வாயிலில் அது போதுமான அளவு கூப்பிடப்பட்டுவிட்டது.