டைம் அக்கா அனுப்பும் மெயில்

“யாரு கண்ணால பார்த்தது?” என்றுதான் முதலில் கேட்பார் டைம் அக்கா. அழுதுகொண்டே சொன்னாலும் சரி, மூச்சிரைக்கச் சொன்னாலும் சரி, இன்னார் இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் யார் சொன்னாலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கண்ணால் பார்த்தவர் லைனுக்கு வந்து தன் வாயால் சொல்லும்வரை, கணினியின் மேல் போர்த்தியிருக்கும் பழைய துண்டை அவர் எடுக்க மாட்டார். சொன்ன பிறகு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. எப்போது எடுக்கிறீர்கள்? வீட்டுக்கு எப்படி வர வேண்டும்? ஆறுதல் வார்த்தை எல்லாம் அதற்கப்புறம்தான்.

இந்தக் கறாருக்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை யாரோ சொன்னதை நம்பி, உயிரோடு இருந்த ஒரு மெக்கானிக்கின் மரணச் செய்தியை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் அந்த மனிதரே கூப்பிட்டார். “எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கே அக்கா. எத்தனை மணிக்கு எடுக்கறாங்கன்னு மட்டும் போடலையே. நான் குளிச்சு ரெடியாகணுமில்ல?” அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்தார். அக்காவுக்கோ அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அவர் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்தவர். வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு மர நாற்காலி, அங்கே உட்கார்ந்து எந்த வண்டி எப்போது வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று எழுதியே தலை நரைத்தது. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வைத்த பெயர்தான் டைம் அக்கா. தாமதமாக வந்தவன் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு நிமிடம்கூடக் குறைத்து எழுதியதில்லை. அதற்காக அவரைத் திட்டாத ஆள் அந்தப் பணிமனையில் கிடையாது. அவர் காதுபடவே திட்டுவார்கள். ஓய்வுபெற்றோர் சங்கம் என்று ஒன்று தொடங்கியபோது, செயலாளர் வேலை யாருக்கு என்று கேட்டதும் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது அவரைத்தான்.

முதலில் சங்கத்துச் செய்திகள் எல்லாம் போனில் ஒரு குழுவில்தான் ஓடின. பொழுது விடிந்தால் பூப்படம், மதியம் வைத்தியக் குறிப்பு, சாயங்காலம் அரசியல் சண்டை. இந்தக் களேபரத்துக்கு நடுவில் ஒருவரின் சாவுச் செய்தி யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது. அதற்குக் கீழேயே இன்னொருவர் ஒரு குரங்கு வீடியோவைப் போட்டு வைத்திருந்தார். இறந்தவரின் மனைவி, “யாருமே வரலையே” என்று கேட்டபோது சங்கமே தலைகுனிந்தது. குழுவைக் கலைத்துவிட்டு, அன்றிலிருந்து மரணச் செய்தி மெயிலில்தான், அதுவும் டைம் அக்கா முகவரியிலிருந்து மட்டும்தான் என்று தீர்மானம் ஆயிற்று. அந்த முகவரியைப் பார்த்தால் வேறு வேலை இருந்தாலும் போட்டுவிட்டுத் திறப்பார்கள்.

“சாவு ஆபீஸ் திறந்தாச்சா அண்ணி?” என்று கேட்பார் தம்பி மனைவி. தம்பி போன பிறகு அந்த இரண்டாம் மாடி வீட்டில் இருவர் மட்டும்தான். கேலிதான் பேசுவாரே தவிர, அக்கா அந்தத் துண்டை எடுத்து மடிக்கும்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவதும் அவர்தான்.

செய்தியில் இறந்தவரின் சொந்தப் பெயரை மட்டும் போட்டால் ஒருவருக்கும் புரியாது. பட்டப்பெயர் கட்டாயம். ஹாரனில் வைத்த கையை எடுக்காதவர் ஹாரன். அரைக்கண் மூடியபடியே ஓட்டி, வாழ்நாளில் ஒரு சைக்கிளைக்கூட இடிக்காதவர் தூங்குமூஞ்சி. சில்லறை கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொல்லியே பணிக்காலத்தை முடித்த நடத்துநர் அப்புறம்தரேன். “அவன் பேரு இதுவா? இத்தனை வருஷம் பழகினேனே, தெரியாதே” என்று செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் பலர் சொல்வார்கள்.

அப்படி ஒரு நாள் போய்ச் சேர்ந்தவர் ஹாரன். மதியம் அவருடைய அக்கா மகள் கூப்பிட்டாள். டைம் அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“நான்தாம்மா பார்த்தேன். என் கையிலதான் மாமா உயிர் போச்சு.”

ஹாரனின் மனைவி முன்பே இறந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. இந்தப் பெண்ணும் அவள் கணவனும் வெளியூரிலிருந்து வந்தவர்கள், அக்கம்பக்கத்தில் எவரையும் தெரியாது. காலை பத்து மணிக்கு எடுப்பதாகச் சொன்னவள், கொஞ்சம் தயங்கிவிட்டு, “தூக்கறதுக்கு நாலு பேராவது வேணும்மா” என்றாள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று ஆயுசு முழுக்கப் பயந்து சாகிறோம். கடைசியில் அந்த நாலு பேர் வந்தால் போதும் என்றுதான் ஆகிவிடுகிறது. “வருவாங்க. நீ கவலைப்படாதே” என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் துண்டை எடுத்தார் டைம் அக்கா.

இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதி முடித்து அனுப்பும் பொத்தானை அழுத்தினார். மெயில் போகவில்லை. திரையில் ஒரு சிவப்பு வரி வந்து நின்றது. மறுபடி அழுத்தினார், மறுபடி அதே வரி. கணினியை அணைத்துப் போட்டார். “கிளம்பித் தொலையேன்” என்று அதட்டியும் பார்த்தார். ஓட்டுநர்கள் பயந்த அந்தக் குரலுக்குக் கணினி பயப்படவில்லை.

கையில் இருந்த எண்களுக்குப் போன் போட்டார். ஒன்று உபயோகத்தில் இல்லை. ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். ஒருவர் காது கேட்காமல், “நல்லா இருக்கேன் அக்கா, நல்லா இருக்கேன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேரின் எண்ணே அவரிடம் இல்லை. மெயில்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் வாங்கி வைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, ஆனால் செய்தி இந்த அறையை விட்டு வெளியே போகவில்லை.

“என் முகவரியிலேர்ந்து அனுப்பிப் பாக்கலாமா அண்ணி?”

“உன் பேரை யாருக்குடி தெரியும்? விளம்பரம்னு தள்ளி விட்டுடுவாங்க.”

இணைய நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். பாட்டு ஓடியது. பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு ஓடியது. ஒருவழியாக ஓர் ஆண் குரல் வந்தது. நாளெல்லாம் பேசிக் கரகரத்த குரல்.

“மெயில் உள்ள வருதாம்மா?”

“வருது. கடன் வேணுமா, முடி வளரணுமான்னு தினம் வருது தம்பி. வெளியதான் போக மாட்டேங்குது.”

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, டைம் அக்கா செய்தார். கடவுச்சொல்லை அழித்து மறுபடி எழுதினார். மெயிலை வெளியே அனுப்பும் சர்வரின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். பக்கத்தில் இருந்த எண்ணை அவர் மாற்றச் சொன்னார், அக்கா மாற்றினார். அனுப்பிப் பார்க்கச் சொன்னார். சிவப்பு வரி வந்து நின்றது.

“அதை அப்படியே படிங்கம்மா.”

படித்தார். மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் மட்டும் சிறிது நேரம் கேட்டது.

“அம்மா, உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு இல்ல. எங்க மெயில் சர்வர்தான் உங்களை நிறுத்தி வெச்சிருக்கு.”

“நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“நீங்க அனுப்பறதுல பாதிக்குப் பாதி திரும்பி வருது. எல்லாம் மூடிப்போன முகவரி. இப்படி இல்லாத முகவரிக்கெல்லாம் அனுப்பினா, குப்பை மெயில் போடற ஆளுன்னு மெஷினே முடிவு பண்ணிடும். திரும்பி வர்றதை நீங்க பார்க்கறதில்லையா?”

“பார்க்கறேன்.”

“யாரும்மா அவங்க?”

“போய்ச் சேர்ந்தவங்க.”

“தெரிஞ்சேவா அனுப்பறீங்க?”

டைம் அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. அவர்கள் ஆயுள் சந்தா கட்டியவர்கள். பெயரை எடுப்பதென்றால் கமிட்டி கூடித் தீர்மானம் போட வேண்டும். அந்தக் கமிட்டியில் பாதிப் பேர் திரும்பி வருகிற முகவரிக்காரர்கள்தான் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஒருத்தர் போயிட்டாருன்னு ஊருக்கு எழுதறது என் கை. அதே கையால அவர் பேரையும் அழிக்கணுமா? ரெண்டையும் நானே செய்யணுமா தம்பி?”

இதை அவர் அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. கதவோரம் நின்ற தம்பி மனைவியின் காதிலும் அது அப்போதுதான் விழுந்தது.

“கஷ்டம்தாம்மா” என்றார் அந்த மனிதர். “ஆனா அதையெல்லாம் எடுத்தாத்தான் என்னால திறந்துவிட முடியும். நான் லைன்லயே இருக்கேன். வெச்சிடாதீங்க. மறுபடி கூப்பிட்டா வேற ஆளுக்குப் போகும், முதல்லேர்ந்து கேப்பாங்க.”

வெயில் இறங்கி அறை மங்கியது. தம்பி மனைவி விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். போனை மேசைமேல் வைத்துவிட்டு டைம் அக்கா பட்டியலைத் திறந்தார். ஒரு பெயர்மேல் அம்பைக் கொண்டுபோய் வைப்பார், பட்டப்பெயரை வாய்விட்டுச் சொல்வார், பிறகுதான் அழிப்பார். தூங்குமூஞ்சி. ஒட்டடைக்குச்சி. கணக்குப்பிள்ளை. மகள் கல்யாணத்தன்றும் வேலைக்கு வந்து திட்டு வாங்கிய பெயின்டர். அழிக்கவா என்று கணினி ஒவ்வொரு முறையும் கேட்டது, ஒவ்வொரு முறையும் ஆம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அது அவருக்குக் கொடுமையாக இருந்தது. பாதியில் அழுதுவிட்டார். தம்பி மனைவி அக்காவின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டார்.

“அப்புறம்தரேன்” என்றார் அக்கா.

“என்னம்மா தரணும்?” என்றது போன்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னார். மறுமுனையில் ஒரு சிரிப்பு வெடித்தது, உடனே அடங்கியது. “மன்னிச்சுக்கங்கம்மா.”

“சிரிங்க தம்பி. அவரும் சிரிக்கிற ஆளுதான்” என்று சொல்லி அந்தப் பெயரையும் அழித்தார்.

எல்லாம் முடிந்தபோது பட்டியல் பாதியாக இளைத்திருந்தது. “இப்போ அனுப்புங்கம்மா” என்றது போன். அழுத்தினார். சிவப்பு வரி வரவில்லை. போய்விட்டது என்று திரை சொல்லியும் நம்பாமல், “போச்சா தம்பி?” என்று கேட்டார். போய்விட்டது என்று அவரும் சொன்னார். “தண்ணி குடிங்க தம்பி, தொண்டை காஞ்சு கிடக்கு” என்று சொல்லிவிட்டு வைத்தார் டைம் அக்கா.

படுத்தாரே தவிரத் தூக்கம் பிடிக்கவில்லை. இருப்பவர்களில் எத்தனை பேரால் நடக்க முடியும், எத்தனை பேரால் ஒரு மனிதனைத் தூக்க முடியும் என்ற நினைப்புதான்.

காலையில் ஹாரன் வீட்டுக்கு அவர் முதலில் போய்ச் சேர்ந்தார். இரண்டு அறை வீடு. படுக்கையில் கிடத்தியிருந்தார்கள், தலைமாட்டில் ஹாரனின் அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்பதைத் தாண்டியும் வாசல் வெறிச்சென்றிருந்தது. வாக்குக் கொடுத்தவர் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஓர் ஆட்டோ வந்தது. கைத்தடியோடு இறங்கிய பழைய ஓட்டுநர், “என் முட்டி போயிடுச்சு அக்கா, அதான் பையனைக் கூட்டிட்டு வந்தேன்” என்றார். அடுத்து வந்தவர் மருமகனைக் கூட்டி வந்தார். சாகாமலே செத்தவராக அறிவிக்கப்பட்ட மெக்கானிக் இரண்டு பேரன்களோடு வந்து, “இந்தத் தடவை மணி போட்டிருந்தே, அதான் சரியா வந்துட்டேன்” என்றார். சிரிக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேரம் ஆக ஆக வாசல் கொள்ளவில்லை. தூக்க முடியாதவர்கள் அத்தனை பேரும் தூக்கக்கூடிய ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தச் சிவப்பு வரியையும் மன்னித்துவிடலாம் என்றிருந்தது.

எடுக்கிற நேரம் வந்தது. இளைஞர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் வந்து நின்றார்கள். அப்போது ஹாரனின் அக்கா மகள் ஒரு போனை நீட்டினாள்.

“மாமாவோடதும்மா. நேத்து சாயங்காலம் ஒரு மெயில் வந்துச்சு. உங்க பேரு இருந்தது. நான் தொறக்கல.”

ஹாரனின் முகவரி இன்னும் மூடவில்லை. திரும்பி வராததால் அதை எடுக்கத் தோன்றவில்லை. எல்லோருக்கும் போன செய்தி அவருக்கும் போயிருந்தது.

டைம் அக்கா போனை வாங்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெயிலைத் திறந்தார். பிறகு படுக்கையருகே குனிந்து, திரையை ஹாரனின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நிதானமாக வாசிக்கிற ஒருவருக்கு ஆகும் நேரம்வரை கையை அசைக்கவில்லை. அப்புறம், விரலால் மெல்லத் தள்ளி, மிச்சத்தையும் காட்டினார்.